மின்னைக் கடத்திய வைரம்

வைரம் மின்னைக் கடத்தாது என்பது பாடநூல்களில் நெடுங்காலம் நிலைத்துநின்ற வாக்கியம். வைரம் தூய காபனே என்பதை ஆங்கில இரசாயனி சிமித்சன் தெனன்ற் 1797இல் மெய்ப்பித்தார். எமது நாட்டின் போகல சுரங்கத்திலே தோண்டப்படும் பென்சிற்கரியும் அதே காபன்தான். ஆயினும் அது மின்னை எளிதிற் கடத்தும். பென்சிற்கரியில் ஒவ்வோர் அணுவும் மூன்று அயலணுக்களோடு பிணைந்து, நான்காவது இலத்திரனை உலாவ விடுகின்றது. வைரத்திலோ நான்கு இலத்திரன்களும் பிணைப்பில் அகப்பட்டுக் கிடக்கின்றன. காரணம் இத்துணைத் தெளிவாயிருந்தமையால், அவ்வாக்கியம் அசைக்கவொண்ணாததாகவே தோன்றிற்று.

1952ஆம் ஆண்டில் கசுற்றேர்சு என்னும் ஆராய்ச்சியாளர், மின்னைக் கடத்தும் வைரங்களும் இயற்கையில் உண்டெனக் காட்டினார். அவற்றுட் பல நீல நிறத்தன. இந்தியாவிலே தோன்றி, 1958இல் வாசிங்டன் சிமித்சோனியன் நிறுவனத்தை அடைந்த ஓப் வைரமும் அவ்வகையதே. அலுமினியக் கலப்பே இதற்குக் காரணமெனச் சிலகாலம் கருதப்பட்டது. போரன் அணுக்களே காரணமென்பது 1971இல் துணியப்பட்டது. போரனுக்கு வெளியோட்டில் மூன்று இலத்திரன்களே உள. அதனால் நேரும் வெற்றிடமே மின்னோடும் வழியாகின்றது.

இனி, கண்ணுக்குப் புலனாகா வைரத்தின் வரலாற்றை நோக்குவோம். 1963இல் சோவியத்து விஞ்ஞானிகள் மூடிய கலத்தில் வெடிமருந்தை வெடிக்கச் செய்து, எஞ்சிய கரியினுள் 4 அல்லது 5 நனோமீற்றர் அளவான வைரத் துணிக்கைகளைக் கண்டனர். நனோமீற்றராவது மில்லிமீற்றரின் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு. இச்செய்தி இரகசியமாகப் பேணப்பட்டமையால், அந்நாட்டிலேயே பிறிதொரு குழுவினர் 1982இல் அதனை மீண்டும் முதலிலிருந்து கண்டறிய நேர்ந்தது. உலகம் அறிந்ததோ 1988இலேயே. பூட்டிவைத்த அறிவு இருபத்தைந்து ஆண்டுகளை விழுங்கிற்று.

துணிக்கை சிறுக்கச் சிறுக்க, மேற்பரப்பில் அமையும் அணுக்களின் விகிதம் பெருகும், மின்னியல்பும் மாறும். ஐதரசன் போர்த்த வைரப்பரப்பு மின்னைக் கடத்தும் என்பது 1989இல் வெளிப்பட்டது. நைதரசன் சேர்த்த நுண்மணி வைரப் படலங்களை 2001இல் அமெரிக்காவின் ஆர்கோன் ஆய்வுகூடத்தார் ஆராய்ந்து, அவற்றின் கடத்துதிறன் பன்மடங்கு உயர்வதைக் கண்டனர். அங்கு மின் பெரிதும் ஓடுவது வைரமணியினூடாகவன்று; மணிகளுக்கு இடைப்பட்ட எல்லைகளின் வழியே. 2004இல் உருசிய ஆய்வாளர், போரன் மிகுத்த வைரம் தனிப்பூச்சியத்திற்கு மேல் ஏறத்தாழ 4 பாகையில் தடையேதுமின்றி மின்னைக் கடத்துவதையும் அறிவித்தனர்.

பழைய வாக்கியம் முற்றும் பொய்த்துவிடவில்லை. கலப்பற்ற பெரிய வைரத்தின் உள்ளகத்துக்கு அது இன்றும் பொருந்தும். எத்தகைய வைரம், எவ்வளவு சிறிது, அதனோடு கலந்தது யாது என்னும் வினாக்களையும் அவ்வாக்கியத்தோடு சேர்த்து மாணவர்க்கு உணர்த்துதலே ஆசிரியர் கடன்.