தராசு, சோறு, பாடம்: மல்லாங்கிணற்றுப் பக்கத்துப் பால்வாடிகள்

அங்கன்வாடி என்று போர்டில் எழுதியிருந்தாலும் நம்ம ஜனங்க வாயில் அது 'பால்வாடி'தான். மல்லாங்கிணறு சுற்றுவட்டாரத்தில் ரெண்டு பால்வாடியை ஒப்பிடச் சொன்னால் கட்டடம், கழிப்பறை, டீச்சர் என்றுதான் ஆரம்பிப்போம். ஆனால் ஒரு மையம் என்ன செய்யணும் என்ற எதிர்பார்ப்பு மூன்று திட்டங்களிலிருந்து வந்தது. அதைத் தெரிந்துகொண்டால் ஒப்பீடே மாறிவிடும்.

ஒன்று, தராசு. 1980-ல் உலக வங்கிக் கடனுதவியோடு தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் வந்தது. அன்றைய ராமநாதபுரம் மாவட்டமும் அதில் உண்டு. மல்லாங்கிணறு அப்போது அந்த மாவட்டம்தான், 1985-ல்தான் பிரிந்தது. 6 முதல் 36 மாதப் பிள்ளைகளை மாதாமாதம் எடை போடுவார்கள். எடை ஏறாத பிள்ளைக்கு மட்டும் 90 நாள் சத்துருண்டை. தேறிவிட்டால் நிறுத்திவிடுவார்கள்.

இரண்டு, சோறு. 1982 ஜூலை 1-ல் எம்.ஜி.ஆர். கொண்டுவந்த சத்துணவு, கிராமத்து மையங்களில் 2 முதல் 5 வயதுப் பிள்ளைகளுக்கும் மதியச் சாப்பாடு போட்டது. இதில் எடை பார்த்துப் பிரிப்பதில்லை. பருத்தி எடுக்கவும் மிளகாய் பறிக்கவும் போகிற கரிசக்காட்டு அம்மாவுக்கு, பிள்ளையை நம்பி விட்டுப் போக ஓர் இடமும் ஆச்சு.

மூன்று, பாடம். 1975 அக்டோபர் 2-ல் நாட்டில் 33 இடங்களில் தொடங்கிய ஐ.சி.டி.எஸ். திட்டத்தில் முன்பருவக் கல்வியும் ஓர் அங்கம். 2019 ஜனவரியில் அரசு நடுநிலைப் பள்ளி வளாகங்களில் இருந்த 2,381 அங்கன்வாடிகளில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. தொடங்கினார்கள். 2022-ல் நிறுத்தப்போவதாகச் செய்தி வந்து, எதிர்ப்பு கிளம்பியதும் தொடரும் என்றார்கள். ஜனங்களுக்கு இது எவ்வளவு வேண்டியிருந்தது என்பதற்கு அதுவே சாட்சி.

இன்றைக்கு இந்த மூன்று வேலையும் ஒரே கூரைக்குக் கீழ். பெரும்பாலும் ஒரு பணியாளர், ஒரு உதவியாளர். ஒரு வேலைக்கு நேரம் கூடினால் இன்னொன்றுக்குக் குறையத்தானே செய்யும்?

இங்கேதான் ஒரு சிக்கல். போய்ப் பார்க்கிறவர் கண்ணுக்குத் தெரிவது சுவரில் வரைந்த படமும் பாட்டுப் பாடும் 3 வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளும்தான். அதற்குக் கீழே உள்ள குழந்தை வீட்டில் பாட்டி மடியிலோ, காட்டு வரப்பில் கட்டிய தொட்டிலிலோ இருக்கும். அது எடைப் பதிவேட்டில் மட்டும்தான் தெரியும். அந்த வயதில் விட்ட வளர்ச்சியைப் பிறகு பிடிப்பது கஷ்டம்.

அதனால் ரெண்டு மையத்தை ஒப்பிடும்போது "எல்.கே.ஜி. இருக்கா?" என்று தாராளமாகக் கேளுங்கள். கூடவே "வராத பிள்ளைக்கு இந்த மாசம் எடை ஏறுச்சா?" என்றும் கேளுங்கள்.