இங்கிலாந்து உத்தரவும் நம்மூர் கோர்ட்டும்

'குழந்தையைத் திருப்பி அனுப்பு'ன்னு வெளிநாட்டுக் கோர்ட் சொன்னா நம்மூர் கோர்ட் கேட்டே ஆகணுமா? 1980 ஹேக் ஒப்பந்தத்தில் இந்தியா சேரவில்லை. அதனால் பெரும்பாலும் ஆட்கொணர்வு மனுவில்தான் வண்டி ஓடுகிறது.

1984-ல் உச்ச நீதிமன்றம் பார்த்த வழக்கு சினிமாவை மிஞ்சும். இங்கிலாந்தில் மனைவியைக் கார் ஏற்றிக் கொல்ல ஆள் பிடிக்கப் பார்த்து மாட்டிய கணவர். அந்த மனைவியே பரிந்து பேசி அவரை நன்னடத்தையில் வெளியே கொண்டுவந்தார். அந்தக் காலம் முடிந்த கொஞ்ச நாளில், மனுஷன் பையனைத் தூக்கிக்கொண்டு இந்தியா வந்துட்டார்! பஞ்சாப்-ஹரியானா உயர் நீதிமன்றம் பையனை அப்பாவிடமே விட்டது. நல்லவேளை, தலைமை நீதிபதி ஒய்.வி.சந்திரசூட் அம்மாவிடம் ஒப்படைக்கச் சொன்னார். குடும்பம் வாழ்ந்த நாட்டுக் கோர்ட்டுக்குத்தான் அதிகாரமாம்.

2015-ல் ஒரு கோவை வழக்கு. இங்கிலாந்திலிருந்து இரண்டு மகள்களோடு வந்த அம்மா இங்கே விவாகரத்து கேட்டார். அப்பா அங்கே உத்தரவு வாங்கினார். உருப்படியான இடைக்கால உத்தரவை முதலில் போட்ட கோர்ட்டுக்கே மதிப்பு என்றார் நீதிபதி லோகூர். அதாவது இங்கிலாந்துக்கு.

2017-ல் மூன்று நீதிபதிகள் அமர்வு அதை ஏற்கவில்லை. வெளிநாட்டு உத்தரவு ஒரு அம்சம் மட்டுமே, குழந்தையின் நலன்தான் முதல் என்றது. எனக்கும் அதுதான் சரின்னு படுது. யார் முந்தினார்னு பார்க்க இதென்ன தட்கல் டிக்கெட்டா? ஆனா நலனை அலசி முடிக்கறதுக்குள்ள வருஷம் ஓடிடுது, பிள்ளையும் இங்கேயே வேர் விட்டுடுது. தூக்கிட்டு வந்தவங்களுக்கு அதுவே சாதகமாயிடுது.