வகுப்பு மாற்றமும் வீட்டு விதிகளும்

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் போன்ற மேசை விளையாட்டுகளில் ஒவ்வொருவரும் ஒரு கதைமாந்தரை ஏற்று ஆடுவர். அந்த மாந்தர் போர்வீரரா, மந்திரவாதியா, திருடரா என்பதைக் குறிப்பது ‘கிளாஸ்’, அதாவது வகுப்பு. பள்ளிக்கூட வகுப்போடு இதற்கு உறவில்லை. தொழில் என்று கொள்வதே பொருத்தம். ஆட்டத்தின் நடுவே வாளை வைத்துவிட்டு மந்திரம் கற்கப் புறப்படுபவரிடம் என்ன விலை கேட்பது? அதைச் சொல்வதுதான் வகுப்பு மாற்ற விதி. அச்சிட்ட விலை அநியாயமாகப் பட்டால், ஆட்டத்தை நடத்தும் டன்ஜன் மாஸ்டர் தம் மேசைக்கு மட்டும் வேறு விலை வைப்பார். அது ‘ஹவுஸ் ரூல்’, வீட்டு விதி. தாயம் வீட்டுக்கு வீடு மாறுவதைப் பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல.

கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னிசனும் உருவாக்கி, டிஎஸ்ஆர் நிறுவனம் 1974-இல் வெளியிட்ட முதல் பதிப்பில் இருந்தவை போர்வீரர், மந்திரவாதி, பூசாரி என மூன்றே வகுப்புகள். வகுப்பு மாறுவது பரிந்துரைக்கத் தக்கதல்ல என்று சொன்ன அந்நூல், அடுத்த மூச்சிலேயே அதற்கு வழியும் சொன்னது. மாறப்போகும் வகுப்பு முக்கியமாகச் சார்ந்திருக்கும் திறனில், அதாவது அதன் முதன்மைத் திறனில், மதிப்பு 16 அல்லது அதற்கு மேல் இருக்க வேண்டும். திறன்களின் மதிப்பைத் தீர்மானிக்கும் மூன்று பகடைகளை உருட்டி அந்த எண்ணைத் தொட 216-க்கு 10 வாய்ப்புதான். மந்திரவாதி பூசாரியாவதோ பூசாரி மந்திரவாதியாவதோ எந்த நிலையிலும் கூடாது. எல்ஃப் இனத்துக்கு மட்டும் தனிச் சலுகை: ஒவ்வொரு சாகசத்துக்கும் முன்பு, இம்முறை போர்வீரரா மந்திரவாதியா என்று அது தேர்ந்துகொள்ளலாம். அப்படியானால் எவ்வளவு அடி தாங்கும் என்பதைக் காட்டும் அதன் உயிர்ப்புள்ளிகளை எந்தக் கணக்கில் வைப்பது? நூல் தெளிவாகச் சொல்லவில்லை. மேசைக்கு மேசை விடை வேறானது. டாம் மோல்ட்வே திருத்திய 1981-ஆம் ஆண்டின் பேசிக் பதிப்பு, எல்ஃபையே ஒரு வகுப்பாக்கி இந்த வழக்கை முடித்துவைத்தது.

வீட்டு விதிகளுக்கு அதிக வேலை வைத்தது 1978-இல் வந்த அட்வான்ஸ்டு பதிப்பின் ஆட்டக்காரர் கையேடு. மனிதர்கள் வகுப்பு மாற, பழைய வகுப்பின் முதன்மைத் திறனில் 15-உம் புதியதில் 17-உம் தேவை. சாகசங்களில் சேரும் அனுபவப் புள்ளிகளால் ஏறும் படிகளே லெவல்கள்; மாறியவர் முதல் லெவலிலிருந்து தொடங்க வேண்டும். விட்டுவந்த வகுப்பில் மேற்கொண்டு உயர முடியாது. புதிய லெவல் பழையதைத் தாண்டும்வரை பழைய வித்தையைத் தொட்டால் அந்தச் சாகசத்தின் அனுபவப் புள்ளிகள் அத்தனையும் போச்சு. ஏழாம் லெவல் வாள்வீரர், கண்ணெதிரே தோழர் சாகும்போதும் வாளை உருவத் தயங்கி நிற்பார். கதையாக இதை எப்படி ஏற்பது என்று கேட்டவர்கள் பலர், கேள்வி நியாயமானது. 1989-இல் வந்த இரண்டாம் பதிப்பு தண்டனையைக் குறைத்தது: அந்த மோதலுக்குப் புள்ளி இல்லை, சாகசத்துக்குப் பாதி உண்டு.

ஆனால் அந்தக் கடுமைக்குப் பின்னால் ஒரு கணக்கு இருக்கிறது. போர்வீரர் இரண்டாம் லெவலுக்கு ஏற சுமார் 2,000 புள்ளிகள், மூன்றாம் லெவலுக்கு 4,000, நான்காம் லெவலுக்கு 8,000 என ஆரம்பப் படிகள் இரட்டித்துப் போகும். அதாவது கீழ்ப்படிகள் மலிவு. பழைய உயிர்ப்புள்ளிகளோடும் வலிமையான கூட்டாளிகளோடும் போகிற புது மந்திரவாதி அவற்றை வேகமாகக் கடந்துவிடுவார். மனிதரல்லாத இனங்கள் இரண்டு வகுப்புகளை ஒரே நேரத்தில் வளர்க்கும்போதும் இதே கதைதான். புள்ளிகளைச் சரிபாதியாகப் பிரித்தாலும் பின்தங்குவது ஏறத்தாழ ஒரு லெவல். பாதி விலை என்பது பார்வைக்குத்தான். அதை ஈடுகட்டியது அந்த இனங்களுக்கு இருந்த லெவல் உச்சவரம்பு. பல மேசைகள் உச்சவரம்பைத் தூக்கிவிட்டு, பிரித்தலை மட்டும் வைத்துக்கொண்டன. பிறகு எல்ஃபுகள் மிஞ்சிவிட்டதாகக் குறைப்பட்டுக்கொண்டன.

அதே கையேட்டின் பிற்சேர்க்கையில் இருந்த பாணர் வகுப்பு ஒரு வேடிக்கை. முதலில் போர்வீரராகவும் பிறகு திருடராகவும் வளர்ந்தால்தான் பாணராக முடியும். மாற்றமே நுழைவாயிலான வகுப்பு அது. மறுபுறம், தெரிந்தே தீமை செய்த பாலடின், அதாவது அறநெறி பூண்ட வீரர், தன் சக்திகளை இழந்து வெறும் போர்வீரராகிவிடுவார். விரும்பாத வகுப்பு மாற்றமான இது கிளப்பிய சண்டைகள், விரும்பி மாறுவோரால் வந்தவற்றைவிடக் குறைவல்ல.

டிஎஸ்ஆரை 1997-இல் வாங்கிய விசார்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட், 2000-இல் மூன்றாம் பதிப்பை வெளியிட்டது. ஒவ்வொரு லெவலிலும் விரும்பிய வகுப்பை எடுக்கலாம் என்று கதவு அகலத் திறந்தது. வாசலில் ஒரு சுங்கம் மட்டும் மிச்சம்: வகுப்புகளின் லெவல்களில் ஒன்றுக்கு மேல் இடைவெளி விழுந்தால், இனத்துக்கு உகந்த வகுப்பு நீங்கலாக, அனுபவப் புள்ளியில் 20 சதவீதம் பிடித்தம். இதை வசூலிக்காமல் விட்ட மேசைகள் ஏராளம். அந்த விதிகளிலிருந்து 2009-இல் கிளைத்த பாத்ஃபைண்டர் என்ற விளையாட்டு பிடித்தத்தை நீக்கி, உகந்த வகுப்பிலேயே தொடர்வோருக்கு ஊக்கப் புள்ளி கொடுத்தது. தண்டனை வெகுமதியானது.

நான்காம் பதிப்பு (2008) மாற்றத்தைச் சிறு சிறு திறன்களாக நறுக்கிக் கொடுத்தது; அதில் வழக்காட அதிகம் இல்லை. ஐந்தாம் பதிப்பு (2014) ஒருவரே பல வகுப்புகளை எடுப்பதையே விருப்ப விதியாக்கி, இரு வகுப்புகளின் முதன்மைத் திறன்களிலும் 13 இருந்தால் போதும் என்றது. எனவே இன்றைய வீட்டு விதிகள் எண்ணைவிடக் கதையையே கேட்கின்றன: கற்றுத்தர குரு யார், எத்தனை வாரப் பயிற்சி, மந்திரம் வழங்கிய தேவதை விட்டுவிடுமா? பழைய வகுப்பையே அழித்து எழுதுவது தனிச் சிக்கல். வகுப்புக்குள் உள்ள உட்பிரிவை மட்டும் மாற்றிக்கொள்ள 2020-இல் வந்த டாஷாஸ் கால்ட்ரன் ஆஃப் எவ்ரிதிங் நூல் இடம் கொடுத்தது. 2023-இல் வந்த பால்டர்ஸ் கேட் 3 கணினி விளையாட்டில் முழு வகுப்பையும் மாற்ற விதர்ஸ் என்ற எலும்பு மனிதர் கேட்பது 100 பொற்காசுகள்.