கிலிச்: ஒரு வாளும் அதன் பெயரும்

துருக்கிய மொழியில் ‘கிலிச்’ என்றால் வாள். நேரான வாளும் கிலிச்தான். வளைந்த வாளும் கிலிச்தான். ஆனால் துருக்கிக்கு வெளியே, ஆயுத நூல்களிலும் அருங்காட்சியகப் பட்டியல்களிலும் ‘கிலிஜ்’ என்று எழுதப்படும்போது, அது ஒரு குறிப்பிட்ட வளைவாளை மட்டுமே சுட்டுகிறது. எல்லை கடந்ததும் பொதுப்பெயர் சிறப்புப்பெயராகச் சுருங்கிவிட்டது. கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும் அந்த வாளை மட்டும் பார்த்துத் திரும்பினால், அதன் வரலாற்றில் பாதியை நாம் தவறவிட்டவர்களாவோம். மறுபாதி அதன் பெயரில் இருக்கிறது.

முதலில் வடிவம். பதினைந்தாம் நூற்றாண்டிலிருந்து உஸ்மானியர் கையாண்ட கிலிச்சின் அலகு, கைப்பிடியிலிருந்து ஏறத்தாழ நேராகச் சென்று பாதிக்கு மேல் வளையும். நுனியை ஒட்டிய பகுதி அகன்று, அங்கே மட்டும் இருபுறமும் கூர் கொண்டிருக்கும். அந்த அகன்ற பகுதிக்கு ‘யெல்மான்’ என்று பெயர். எடை நுனிப்பக்கம் சேர்வதால் குதிரைமேலிருந்து வீசும் வீச்சுக்கு வலுக் கூடுகிறது. பாரசீகத்தின் ‘ஷம்ஷீர்’ இதற்கு மாறாக, நுனி நோக்கி ஒடுங்கிக்கொண்டே போகும். ஐரோப்பியர் இவை அனைத்தையும் ‘சிமிட்டர்’ என்ற ஒற்றைச் சொல்லுக்குள் அடக்கிவிட்டார்கள்.

சொல்லோ இவ்வடிவத்தைவிடப் பல நூற்றாண்டுகள் மூத்தது. இன்றைய மங்கோலியாவின் ஓர்கோன் சமவெளியில், குல் தெகின் என்னும் துருக்கிய இளவரசனின் நினைவாக 732-இல் எழுப்பப்பட்ட கல்வெட்டிலேயே அது காணப்படுகிறது. அங்கே அது வினைச்சொல்லாகவும் நிற்கிறது. அவன் வாளால் வெட்டி வீழ்த்தினான் என்பதை, கிலிச்சிலிருந்தே பிறந்த ஒரே வினையால் அக்கல்வெட்டு சொல்லிவிடுகிறது.

பின்னர் அச்சொல் மன்னர்களின் பெயராயிற்று. அனத்தோலியாவை ஆண்ட செல்ஜுக் சுல்தான்களில் நால்வர் கிலிச் அர்ஸ்லான் என்ற பெயர் தாங்கியவர்கள். அர்ஸ்லான் என்றால் சிங்கம். முதலாமவர் சிலுவைப் போர்ப்படைகளை எதிர்கொண்டு 1097-இல் நைசியாவை இழந்தார். இரண்டாமவர் 1176-இல் மிரியோகெபலோனில் பைசாந்தியப் பேரரசர் மானுவேலைத் தோற்கடித்தார்.

உஸ்மானியர் காலத்தில் இச்சொல் வருவாய்ப் பதிவேட்டுக்குள் நுழைந்ததே நம்மை மிகவும் சிந்திக்க வைக்கிறது. ‘சிபாஹி’ என்னும் குதிரை வீரனுக்கு அரசு ஊதியத்துக்குப் பதிலாக ஊர்களின் வரி வருவாயை ஒதுக்கியது. அதற்குத் ‘திமார்’ என்று பெயர். அழைப்பு வந்ததும் குதிரையோடும் ஆயுதத்தோடும் அவன் போருக்குச் செல்லவேண்டும். பணி உயர்வால் திமார் வளரலாம். ஆனால் அதன் பிரிக்கக்கூடாத அடிப்படை அலகு ‘கிலிச்’ எனப்பட்டது. போர்க்களத்தையே காணாத உழவனுக்கும் ஆண்டுதோறும் வாள் இப்படித்தான் அறிமுகமாயிற்று: வரியாக, பதிவேட்டின் ஒரு வரியாக.

இச்சொல் ஒரு மனிதனின் கடந்தகாலத்தையும் மறைத்திருக்கிறது. இத்தாலியின் கலாபிரியாவில் பிறந்த ஜியோவன்னி டியோனிஜி கலெனி, இளமையில் கடற்கொள்ளையரிடம் சிறைப்பட்டுத் துடுப்பு வலிக்கும் அடிமையானான். மதம் மாறிக் கடற்படையில் உயர்ந்தபின்னும் அவன் ‘உலுச் அலி’ என்றே அழைக்கப்பட்டான். உலுச் என்பது அயலிலிருந்து வந்து மதம் மாறியவன் என்று காட்டிக்கொடுக்கும் அடைமொழி. 1571-இல் லெபாந்தோ கடற்போரில் உஸ்மானியக் கடற்படை சிதைந்தபோது தன் கப்பல்களில் ஒரு பகுதியை மீட்டுக்கொண்டு திரும்பியவர் அவர். சுல்தான் இரண்டாம் செலிம் அவரைக் கடற்படைத் தலைவராக்கி, பெயரையும் மாற்றினார். உலுச் கிலிச் ஆயிற்று. ஓசையில் சிறு மாற்றம்தான். ஆனால் அயலான் என்ற வடு அரசின் வாள் என்ற விருதாயிற்று. இஸ்தான்புல்லின் தோப்ஹானேயில் கட்டடக்கலைஞர் சினான் அவருக்காகக் கட்டிய பள்ளிவாசல் இன்றும் கிலிச் அலி பாஷா என்ற பெயரோடு நிற்கிறது.

உஸ்மானிய சுல்தான்களுக்கு முடிசூட்டு விழா இல்லை. எய்யூப்பில் உள்ள பள்ளிவாசல் வளாகத்தில் இடையில் வாள் பூட்டுவதே அரியணை ஏற்றத்தின் அடையாளச் சடங்காக இருந்தது. 1918-இல் ஆறாம் மெஹ்மெதுக்கு நடந்ததே அச்சடங்கின் கடைசி நிகழ்வு. 1922-இல் சுல்தானியமே ஒழிக்கப்பட்டது.

வாளின் காலமோ அதற்கு முன்பே முடியத் தொடங்கியிருந்தது. இரண்டாம் மஹ்மூத் 1826-இல் ஜானிசரிப் படையைக் கலைத்தார். 1831-இல் திமார் முறையை ஒழித்தார். படையை ஐரோப்பிய வழியில் அமைத்தார். விந்தை என்னவென்றால், நெப்போலியனின் எகிப்தியப் படையெடுப்புக்குப் பிறகு ஐரோப்பாவில் கீழைநாட்டு வளைவாள் மீது மோகம் பரவி, அதே 1831-இல் பிரித்தானியத் தளபதிகளுக்கு ‘மம்லூக்’ பாணி வாள் முறைப்படி வகுக்கப்பட்டது. போர்க்கருவியாக ஓரிடத்தில் ஓய்ந்துகொண்டிருந்தது, இன்னோரிடத்தில் சடங்கு அணிகலனாயிற்று.

1934-ஆம் ஆண்டின் குடும்பப்பெயர்ச் சட்டம் துருக்கியர் ஒவ்வொருவரும் ஒரு குடும்பப்பெயர் கொள்ளவேண்டும் என்றது. கிலிச் என்பதும் அதிலிருந்து கிளைத்த பெயர்களும் இன்று அந்நாட்டில் பரவலானவை. ‘வாள் தன் உறையை வெட்டாது’ என்றொரு பழமொழியும் அவர்களிடம் உண்டு. உறவினர் தமக்குள் தீங்கு செய்துகொள்ளமாட்டார்கள் என்பது பொருள். மன்னனையும் வரியையும் பதவியையும் குறித்த சொல், கடைசியில் ஆசிரியரும் கடைக்காரரும் கையெழுத்திடும் பெயராக இறங்கி வந்திருக்கிறது. அலகு கண்ணாடிப் பெட்டிக்குள் அசையாமல் கிடக்க, பெயர் மட்டும் வெட்டுவதை நிறுத்திக்கொண்டு வாழ்கிறது.