பவெல் ஏரியில் வால்ஐ, சிறுவாய் பாஸ் மீன்பிடிப்பு

பவெல் ஏரி என்பது ஐக்கிய அமெரிக்காவின் தென்மேற்குப் பகுதியில், கொலராடோ ஆற்றின் குறுக்கே கட்டப்பட்ட கிளென் கேன்யன் அணையால் உருவான நீர்த்தேக்கம் ஆகும். இதன் பெரும்பகுதி யூட்டா மாநிலத்திலும், அணையும் அதையொட்டிய சிறுபகுதியும் அரிசோனா மாநிலத்திலும் அமைந்துள்ளன. இங்குத் தூண்டிலில் பிடிக்கப்படும் மீன்களுள் வால்ஐ, சிறுவாய் பாஸ் ஆகிய இரண்டும் முக்கியமானவை. வட அமெரிக்காவின் கிழக்குப் பகுதி நன்னீர்நிலைகளுக்கு உரிய இவ்விரு இனங்களும் கொலராடோ ஆற்றுக்கு அயலானவை. ஏரியில் விரும்பிப் பிடிக்கப்படும் இவை, அணைக்குக் கீழே கிராண்ட் கேன்யன் பகுதியில் உள்ளூர் மீன்களை அழிக்கக்கூடிய அயல் இனங்களாகக் கருதப்படுகின்றன. 2022 ஆம் ஆண்டுக்குப் பின்னர் இந்த முரண்பாடு அணையின் இயக்கத்தையே மாற்றியமைக்கும் அளவுக்கு முற்றியது.

ஏரியின் அமைப்பு

1869 இல் படகுகளில் இவ்வாற்றை ஆராய்ந்த ஜான் வெஸ்லி பவெல் என்பவரின் பெயரால் இவ்வேரி வழங்கப்படுகிறது. 216 மீட்டர் உயரமுள்ள அணையின் மதகுகள் 1963 மார்ச்சில் மூடப்பட்டன. பாலைநிலத்தின் ஊடாக 300 கிலோமீட்டர் நீளத்துக்கு நீர் தேங்க வேண்டியிருந்ததால், ஏரி முதன்முறையாக நிரம்புவதற்கு 17 ஆண்டுகள் பிடித்தன. 1980 சூனில்தான் நீர்மட்டம் கடல் மட்டத்திலிருந்து 3,700 அடி என்னும் முழுக்கொள்ளளவை எட்டியது.

சாதாரண ஏரிகளைப் போலக் கரையிலிருந்து மெல்லச் சரியும் அடித்தளம் இங்குப் பெரும்பாலும் இல்லை. செம்மணற்பாறைச் சுவர்கள் நேரே நீருக்குள் இறங்குகின்றன. கரையிலிருந்து சில மீட்டர் தொலைவிலேயே ஆழம் முப்பது, நாற்பது மீட்டரைத் தாண்டிவிடும் இடங்கள் பல. அணையருகே ஏரி நிரம்பியிருக்கும்போது ஆழம் 170 மீட்டர் அளவினது. முதன்மைக் கால்வழியிலிருந்து தொண்ணூறுக்கும் மேற்பட்ட பக்கப் பள்ளத்தாக்குகள் கிளை பிரிவதால், கரையின் மொத்த நீளம் மிக அதிகம். எனினும் மீன்கள் முட்டையிடவும் இரை தேடவும் ஏற்ற ஆழம் குறைந்த பகுதி அக்கரையில் சிறுபங்கே ஆகும். பாறைச் சரிவுகள், மணல் திட்டுகள், பக்கப் பள்ளத்தாக்குகளின் கடைமுனைகள் ஆகியவையே அவை. இங்கு மீன்பிடித்தல் என்பது பெரும்பாலும் இத்தகைய இடங்களைத் தேடிக் கண்டறிவதே.

கோடையில் ஏரிநீர் அடுக்குகளாகப் பிரிகிறது. வெயிலில் சூடேறிய இலேசான நீர் மேலேயும், குளிர்ந்த கனமான நீர் கீழேயும் தங்கிவிடுகின்றன. வால்ஐ, பாஸ் ஆகியவற்றின் வாழ்வு பெரும்பாலும் மேலடுக்கிலும் அதன் விளிம்பிலும் நடைபெறுகிறது.

மீன்கள் வந்த வரலாறு

அணைக்கு முன்னர் கொலராடோ ஆறு வண்டல் மிகுந்ததாகவும், கோடையில் வெதுவெதுப்பாகவும் ஓடியது. கொலராடோ பைக்மின்னோ, கூன்முதுகு சப் முதலிய, வேறெங்கும் காணப்படாத மீன்கள் இதில் வாழ்ந்தன. அக்காலத்து மீன்வள அலுவலர்கள் பலர் இவற்றைப் பயனற்ற மீன்களாகவே கருதினர். 1962 செப்டம்பரில், மேலாற்றில் கட்டப்பட்டுவந்த பிளேமிங் கார்ஜ் அணை மூடப்படுமுன், கிரீன் ஆற்றில் ரோட்டினோன் என்னும் மீன்கொல்லி பெருமளவில் கலக்கப்பட்டது. உள்ளூர் மீன்களை நீக்கி, விளையாட்டு மீன்களுக்கு இடமளிப்பதே அதன் நோக்கமாக இருந்தது.

பவெல் ஏரியில் முதலில் பெருவாய் பாஸும், 1968 இல் இரைமீனாக நூல்துடுப்பு ஷாடும், 1974 இல் வரிப் பாஸும் விடப்பட்டன. புதிதாக மூழ்கிய செடிகொடிகள் அழுகி மறைந்தபின் பெருவாய் பாஸுக்கு மறைவிடம் குறைந்தது. ஆகவே செடிகளைவிடப் பாறைகளை நாடும் சிறுவாய் பாஸ் 1982 இல் விடப்பட்டது. வெறும் பாறையும் மணலுமான கரை அதற்கு மிகவும் ஏற்றதாக அமைந்தது. வால்ஐ மட்டும் இவ்வாறு திட்டமிட்டு விடப்பட்டதன்று. மேலாற்றுப் பகுதிகளிலிருந்து இறங்கிவந்து இங்குத் தானே பெருகியது.

வால்ஐ பிடித்தல்

இம்மீனின் விழித்திரைக்குப் பின்னால் ஒளியைத் திருப்பியனுப்பும் படலம் ஒன்று உண்டு. பூனையின் கண் இருளில் மின்னுவதும் இத்தகைய படலத்தால்தான். ஆகவே மங்கிய ஒளியிலும் கலங்கல் நீரிலும் வால்ஐ தன் இரையைவிடத் தெளிவாகக் காண்கிறது. விடியல், அந்தி, மேகமூட்டம், காற்றடித்துக் கரையோர நீர் கலங்கும் வேளை ஆகியவை இதனைப் பிடிக்க உகந்தவை என்பதற்குக் காரணம் இதுவே. ஆற்றின் வண்டல் முதலில் வந்து சேரும் ஏரியின் மேற்பகுதியில் இம்மீன் மிகுதி. குட் ஹோப் விரிகுடா இதற்குப் பெயர் பெற்றது.

வசந்தகாலத் தொடக்கத்தில், நீர் இன்னும் குளிர்ந்திருக்கும்போது, வால்ஐ இரவில் சரளைக்கற்கள் மேல் முட்டையிடுகிறது. கூடு கட்டுவதில்லை, முட்டைகளைக் காப்பதுமில்லை. முட்டையிட்டபின் நன்கு இரையெடுக்கும் மே மாதமே தூண்டிற்காரர்கள் எதிர்பார்க்கும் பருவம் ஆகும். ஈயத்தலை கொண்ட தூண்டில் முள்ளில் மண்புழுவின் துண்டைக் கோத்து, மூன்று முதல் எட்டு மீட்டர் ஆழத்தில் அடித்தளத்தை உரசுமாறு படகை மெல்ல நகர்த்துவது வழக்கமான முறை. வால்ஐ வேகமாகத் தாக்குவதில்லை. இரையைக் கவ்வியபடி நின்றுவிடும். தூண்டிற்கயிறு சற்றுக் கனப்பதை மட்டுமே கை உணரும். பழக்கமில்லாதவர்கள் அதனைக் கல்லில் சிக்கியதாக எண்ணி விட்டுவிடுவதுண்டு. வெண்ணிறமான, முள் குறைந்த இதன் சதை மிகச் சுவையானது என்பதால், பிடிபட்டவை பெரும்பாலும் உணவுக்கே எடுத்துக்கொள்ளப்படுகின்றன.

சிறுவாய் பாஸ் பிடித்தல்

சிறுவாய் என்னும் பெயர் பெருவாய் பாஸோடு ஒப்பிட்டு இடப்பட்டது. இதன் மேல்தாடை கண்ணின் பின்விளிம்பைத் தாண்டுவதில்லை. பருமனில் பெரிதன்று எனினும், தூண்டிலில் மாட்டியதும் நீருக்கு மேல் துள்ளி விடாப்பிடியாக இழுக்கும் இயல்பால் இம்மீன் விரும்பப்படுகிறது. கிரேஃபிஷ் என்னும் நன்னீர்ச் சிங்கி இறால் இதன் முக்கிய உணவு. எனவே அதனைப் போன்ற நிறமுள்ள நெகிழிப் போலி இரையை உடைந்த பாறைக் குவியல்களின் மேல் தத்தவிட்டு இழுப்பது நல்ல பலன் தரும். கோடை அதிகாலைகளில் நீர்ப்பரப்பில் மிதக்கும் போலி இரைகளையும் இது தாக்கும்.

நீர் சுமார் 16 பாகை செல்சியசை எட்டும்போது ஆண்மீன் ஆழம் குறைந்த சரளையில் வாலால் குழி பறித்துக் கூடு அமைக்கிறது. முட்டைகளையும் பொரித்த குஞ்சுகளையும் காவல் காக்கிறது. காவலில் இருக்கும் ஆண்மீனைப் பிடித்து அகற்றினால் சிறிது நேரத்திலேயே பிற மீன்கள் முட்டைகளைத் தின்றுவிடக்கூடும்.

ஆழத்திலிருந்து விரைவாக இழுக்கப்படும் மீன்களுக்கு நீந்துபை உப்பிவிடுகிறது. வால்ஐ, பாஸ் இரண்டுக்கும் இப்பையிலிருந்து காற்றை வாய்வழியே உடனே வெளியேற்ற இயலாது. ஆகவே மிகுந்த ஆழத்தில் பிடித்த மீனை நீரில் விட்டாலும் அது பிழைக்கும் என்று கூற முடியாது.

நீர்மட்டச் சரிவும் கிராண்ட் கேன்யனும்

மின்னாக்கிகளுக்கு நீர் எடுக்கும் குழாய்வாய்கள் அணையில் 3,470 அடி மட்டத்தில் உள்ளன. ஏரி நிரம்பியிருக்கும்போது இவை நீர்ப்பரப்புக்கு 70 மீட்டர் கீழே, குளிர்ந்த அடுக்கில் இருக்கும். அணைக்குக் கீழே ஆறு பல பத்தாண்டுகள் குளிர்ந்தே ஓடியதும், வெதுநீர் மீன்களான பாஸ் அங்குப் பெருகாமல் இருந்ததும் இதனால்தான். 2000 ஆம் ஆண்டுக்குப் பின் நீடித்த வறட்சியால் நிலை மாறியது. 2023 வசந்தகாலத்தில் ஏரி சுமார் 3,520 அடிக்குத் தாழ்ந்தது. இது ஏரி முதன்முதலில் நிரப்பப்பட்ட காலத்துக்குப் பின் மிகக் குறைந்த மட்டமாகும். மேலடுக்கின் வெதுநீரும் அதில் வாழும் மீன்களும் குழாய்வாய்களை நெருங்கின.

2022 கோடையில், அணைக்குச் சில கிலோமீட்டர் கீழே உள்ள ஓர் உப்பங்கழி போன்ற தேங்குநீர்ப் பகுதியில் சிறுவாய் பாஸின் குஞ்சுகள் கண்டறியப்பட்டன. பெரிய மீன்கள் அணையைக் கடந்து வந்தது மட்டுமன்றி, அங்கேயே இனம்பெருக்கியும் இருந்தன என்பதை இது காட்டியது. இவ்விடத்திலிருந்து ஏறத்தாழ 120 கிலோமீட்டர் கீழே, சிறிய கொலராடோ ஆறு கலக்குமிடத்தில்தான் கூன்முதுகு சப் மீனின் மிகப்பெரிய கூட்டம் வாழ்கிறது. அம்மீன் 2021 இல்தான் அருகிய இனம் என்ற நிலையிலிருந்து அச்சுறு நிலைக்கு மாற்றப்பட்டிருந்தது. மேலாற்றின் கிளையான யாம்பா ஆற்றில் சிறுவாய் பாஸ் பெருகியபின் உள்ளூர் மீன்கள் பெரிதும் குறைந்துபோன அனுபவம் அறிவியலாளர்களுக்கு இருந்தது.

தேசியப் பூங்காப் பணியகம் 2022 செப்டம்பரில் அத்தேங்குநீரில் ரோட்டினோனை இட்டது. அறுபது ஆண்டுகளுக்கு முன் உள்ளூர் மீன்களை அகற்றக் கலக்கப்பட்ட அதே பொருள், இம்முறை அவற்றைக் காக்கப் பயன்பட்டது குறிப்பிடத்தக்கது. 2024 சூலையில் அமெரிக்க நீர்வள மீட்புப் பணியகம், மின்னாக்கிகளைச் சுற்றிச் செல்லும் ஆழமான வெளியேற்றுக் குழாய்கள் வழியாகக் குளிர்நீரையும் கலந்து விடத் தொடங்கியது. பாஸ் முட்டையிடத் தேவையான வெப்பநிலையை ஆறு எட்டாமல் தடுப்பதே இதன் நோக்கம். இக்குழாய்களில் செல்லும் நீரால் மின்சாரம் கிடைப்பதில்லை என்பதால், மின்சாரம் வாங்கும் அமைப்புகள் இதனை எதிர்த்தன.

விதிமுறைகளும் அணுகலும்

ஏரி 1972 இல் உருவாக்கப்பட்ட கிளென் கேன்யன் தேசிய பொழுதுபோக்குப் பகுதிக்குள் அமைந்துள்ளது. மீன்பிடிக்க மாநில உரிமம் தேவை. பிடிக்கத்தக்க எண்ணிக்கை இனத்துக்கு இனம் வேறுபடுவதுடன் அவ்வப்போது மாற்றவும் படுகிறது. உயிருள்ள மீனை ஏரியிலிருந்து வேறு நீர்நிலைக்குக் கொண்டுசெல்லக் கூடாது. குவாகா என்னும் அயல் சிப்பியினம் இவ்வேரியில் பரவிவிட்டதால், படகுகளை வெளியே எடுக்கும்போது நீரை முழுவதும் வடித்து, தூய்மை செய்து, உலர்த்த வேண்டும். நீர்மட்டம் தாழும் ஆண்டுகளில் படகிறக்கு சரிவுகள் பல நீரை எட்டாமல் போவதால், வால்ஐ மிகுந்த மேற்பகுதிக்கு நெடுந்தொலைவு படகில் செல்ல நேரிடுகிறது.