மழைக்கால உதவித்தொகை (மலேசிய ரப்பர் சிறுதோட்டங்கள்)

அடைமழையால் பால்மரம் வெட்ட, அதாவது பட்டையைக் கீறிப் பால் எடுக்க, முடியாமல் வருமானம் இழக்கும் ரப்பர் சிறுதோட்டக்காரர்களுக்கும் அவர்களின் மரங்களை வெட்டுவோருக்கும் மலேசிய அரசு வழங்கும் தொகை. மலாயில் 'பந்துவான் மூசிம் தெங்குஜூ' எனப்படும். 2018-ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில் நவம்பர், டிசம்பர், ஜனவரி ஆகிய மூன்று மாதங்களுக்கு மாதம் 200 வெள்ளி என அறிவிக்கப்பட்டது. பின்னர் நான்கு மாதமாகி, மொத்தம் 800 வெள்ளியாக உயர்ந்தது.

வெள்ளமோ புயலோ வந்து மரத்தைச் சாய்த்தால்தான் பேரிடர் என்பதில்லை. பால்மரத்துக்கு விடியற்காலை மழையே போதும். பட்டை நனைந்திருந்தால் பால் வெட்டுக்கோட்டின் வழியே மங்கு எனும் சேகரிப்புக் கிண்ணத்துக்கு இறங்காது. மரத்தின் மேல் பரவி வழிந்துவிடும். வெட்டிய பிறகு மழை பிடித்தால் மங்கில் தண்ணீர் நிரம்பி, பால் கரைந்து மண்ணில் கொட்டும். ஈரத்தில் வெட்டிய பட்டையில் பூஞ்சணம் பிடித்தால் அந்த வெட்டுமுகமே கெட்டுப்போகும். இப்படி வாரக்கணக்கில் வேலை நின்றுபோகும் வீட்டுக்கு மாதம் 200 வெள்ளி என்பது அரிசிக்கும் சமையல் எண்ணெய்க்கும் ஆகும் தொகைதான்.

இதனோடு சேர்த்துப் பார்க்க வேண்டியது 2015-இல் தொடங்கிய ரப்பர் உற்பத்தி ஊக்கத்தொகை. இது மழைக்கு அல்ல, விலைச் சரிவுக்கு. மங்கில் உறைந்த கட்டிப்பாலின் விலை குறிப்பிட்ட அளவுக்குக் கீழே இறங்கும் மாதங்களில் அரசு வித்தியாசத்தை ஈடுகட்டுகிறது. அந்த அளவு 2024-இல் கிலோவுக்கு 2.70-இலிருந்து 3 வெள்ளியானது. மலேசிய ரப்பர் வாரியம் வழங்கும் விற்பனை அனுமதி அட்டைதான் இந்த உதவிகளுக்குத் திறவுகோல். வியாபாரியின் தராசில் கட்டிப்பாலை நிறுக்கும்போது அட்டையைக் காட்டி விற்றதைப் பதிய வேண்டும். 1973-இல் அமைந்த ரப்பர் சிறுதோட்டக்காரர் மேம்பாட்டு வாரியமான ரிஸ்டா அவர்களின் மறுநடவு, மேம்பாட்டுப் பணிகளைக் கவனிக்கிறது.

உதவி மாதங்கள் கிளந்தான், திரங்கானு, பகாங் மாநிலங்களைத் தாக்கும் வடகிழக்குப் பருவமழையை ஒட்டி அமைந்தவை. தித்திவங்சா மலைத்தொடருக்கு மேற்கே, குனோங் ராபாட், ஈப்போ அடங்கிய கிந்தா பள்ளத்தாக்கில் மழையின் போக்கு வேறு. இங்கே ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பரிலும்தான் மழை அதிகம். ஏப்ரலில் வெட்டு நின்ற பேராக் சிறுதோட்டக்காரரின் இழப்பு அந்தக் கணக்கில் வருவதில்லை.

பேராக் தமிழர்களைப் பொறுத்தவரை இன்னும் பெரிய இடைவெளி ஒன்று உண்டு. தலைமுறை தலைமுறையாக மரம் வெட்டியவர்களில் பெரும்பாலோர் தோட்டக் கூலிகள், நிலம் நிறுவனத்துடையது. சிறுதோட்டத்தை அடிப்படையாகக் கொண்ட இந்த உதவிகள் அவர்களை எட்டவில்லை. பெருந்தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்ட 1950-களின் தோட்டத் துண்டாடலில் அவர்கள் வேலையோடு குடியிருப்பையும் இழக்க நேர்ந்தபோது, சுங்கை சிப்புட்டைச் சேர்ந்த வீ. தி. சம்பந்தன் 1960-இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தொழிலாளர்களின் சிறுசேமிப்பைத் திரட்டித் தோட்டங்களை வாங்கிய முயற்சி அது. அவர்கள் அந்தச் சங்கத்தின் பங்குதாரர்கள் ஆனார்கள். ஆனால் நிலம் சங்கத்தின் பெயரில் இருந்தது. தன் பெயரில் இரண்டு ஏக்கர் வைத்திருக்கும் சிறுதோட்டக்காரருக்குரிய தகுதி அந்தப் பங்குக்குக் கிடையாது.