ஸ்பைடர்மேனின் நடக்காத திருமணம்

1987 ஜூன் 5 அன்று நியூயார்க்கின் ஷே பேஸ்பால் மைதானத்தில் ரசிகர்கள் முன்னிலையில் ஒரு திருமணம் நடந்தது. மணமக்கள் ஸ்பைடர்மேனாகவும் மேரி ஜேனாகவும் வேடமிட்டவர்கள். நடத்திவைத்தவர் ஸ்டான் லீ. அதே ஆண்டு மார்வெல் வெளியிட்ட ஆண்டுமலரிலும், நாளிதழ்களில் வந்துகொண்டிருந்த படத்தொடரிலும் பீட்டர் பார்க்கருக்குத் திருமணமானது. இருபது ஆண்டுகள் கழித்து, 2007 டிசம்பரில், அந்தத் திருமணம் நடக்கவேயில்லை என்று அதே பதிப்பகம் கதையை மாற்றியது. மணமுறிவில்லை, மரணமில்லை. நடந்தது நடக்காததாக்கப்பட்டது, அவ்வளவுதான்.

இதில் ரசிகர்கள் ஏன் அவ்வளவு கசந்துபோனார்கள் என்பதை அறிய, பாத்திரத்தின் தொடக்கத்துக்குப் போகவேண்டும். ஸ்டான் லீயும் ஓவியர் ஸ்டீவ் டிட்கோவும் 1962ல் ஸ்பைடர்மேனை உருவாக்கினார்கள். (லயன் காமிக்ஸ் வழியாக நாம் அறிந்த ஸ்பைடர் வேறொருவர்; இங்கிலாந்தில் பிறந்தவர்.) பீட்டர் பள்ளி மாணவன். தப்பியோடும் திருடனைத் தடுக்க முடிந்தும் தடுக்காமல் விடுகிறான்; பிறகு அதே திருடன் அவனை வளர்த்த பென் பெரியப்பாவைக் கொன்றுவிடுகிறான். பின்னால் வந்த நூற்றுக்கணக்கான கதைகள் இந்த ஒரு குற்றவுணர்விலிருந்து கிளைத்தவை. செய்ததற்கும் செய்யாமல் விட்டதற்கும் நாமே பொறுப்பு, அதிலிருந்து தப்ப வழியில்லை என்பதுதான் இந்தப் பாத்திரத்தின் அடித்தளம்.

அவனுக்கு வயதும் ஏறியது. 1965ல் பள்ளியை முடித்தான், கல்லூரிக்குப் போனான், காதலித்தான். 1973ல், 121ஆம் இதழில், அவன் காதலி க்வென் ஸ்டேஸியைப் பச்சைப் பூதமான க்ரீன் காப்ளின் பாலத்திலிருந்து தள்ளிவிடுகிறான். பீட்டர் வலையை வீசிப் பிடிக்கிறான். ஆனால் அவள் இறந்திருக்கிறாள். வலை திடீரென்று இழுத்து நிறுத்திய வேகமே உயிரைப் பறித்தது என்று பின்னர் வாசகர் கடிதப் பகுதியில் பதிப்பகத்தாரே விளக்கினார்கள். அன்றும் வாசகர்கள் கொதித்தார்கள். எழுதிய ஜெர்ரி கான்வேக்கு அப்போது இருபது வயது. ஆனால் அந்தக் கதை எதையும் மறைக்கவில்லை. அடுத்த இதழின் கடைசிப் பக்கத்தில், விளையாட்டுப் பெண்ணாகவே அதுவரை தெரிந்த மேரி ஜேன், பீட்டரின் கடுஞ்சொற்களைக் கேட்டும் வெளியேறாமல் கதவைச் சாத்திவிட்டு உள்ளேயே நின்றுவிடுகிறாள். பதினான்கு ஆண்டுகளுக்குப் பின் நடந்த திருமணத்தின் விதை அந்தச் சாத்திய கதவில் இருக்கிறது. ஓர் இழப்பு அடுத்த கதைக்கு மண்ணாயிற்று.

திருமணம் நடந்த நாள் முதலே பதிப்பகத்துக்குள் அதைப்பற்றிய சங்கடம் இருந்தது. 1994ல் தொடங்கிய குளோன் கதைவரிசை, இதுவரை நாம் வாசித்த பீட்டர் ஒரு நகல்தான் என்று சொல்லிப் பார்த்தது. எதிர்ப்பு வலுக்கவே 1996ல் பின்வாங்கியது. பிறகு மேரி ஜேன் விமான வெடிப்பில் இறந்ததாகக் காட்டி, 2001ல் உயிரோடு மீட்டார்கள். இடையில், 1995ல் வந்த 400ஆம் இதழில் மே பெரியம்மா மிக அமைதியாக, அழகாக இறந்தார். 1998ல் அங்கே இறந்தது அவரைப்போல் நடித்த ஒரு நடிகை என்று சொல்லி அந்த மரணத்தையும் ரத்து செய்தார்கள்.

2007ல் வந்த ‘ஒன் மோர் டே’ என்ற நான்கு பகுதிக் கதையில் துப்பாக்கிக் குண்டு பாய்ந்து சாகக்கிடப்பவர் இதே மே பெரியம்மாதான். மெஃபிஸ்டோ என்ற சாத்தான் அவரைப் பிழைக்கவைப்பதாகச் சொல்கிறான். விலை, பீட்டர் - மேரி ஜேன் திருமணம். இருவரும் சம்மதிக்கிறார்கள். விடிந்ததும் பீட்டர் பிரம்மச்சாரியாக விழிக்கிறான், எதுவும் நினைவில்லை. ஓவியம் தலைமை ஆசிரியர் ஜோ கெஸாடாவுடையது. எழுதிய ஸ்ட்ராஸின்ஸ்கியோ முடிவில் உடன்பாடில்லாமல், கடைசி இரண்டு பகுதிகளிலிருந்து தம் பெயரை நீக்கக் கேட்டதாகவும் பின்னர் விட்டுக்கொடுத்ததாகவும் வெளிப்படையாகச் சொன்னார்.

கெஸாடாவின் தரப்பையும் கேட்கவேண்டும். திருமணமான நாயகன் இளமையை இழக்கிறான், மணமுறிவோ மனைவியின் மரணமோ அவனை இன்னும் முதியவனாக்கும் என்பது அவர் வாதம். வணிகக் கணக்காக அது புரிந்துகொள்ளக்கூடியதே. தொடர்ந்து மாதம் மூன்று இதழ்களாக வந்த கதைகளில் நல்லவையும் இருந்தன. நம் மனத்தாங்கல் திருமணம் முடிந்ததைப்பற்றியதன்று. பெரியப்பாவின் சாவுக்குப் பொறுப்பேற்றதால் நாயகனானவன், வயதான பெரியம்மாவின் சாவை ஏற்க மறுத்துச் சாத்தானோடு பேரம் பேசுகிறான். 1962ல் போட்ட அடித்தளத்தையே அந்தப் பேரம் பெயர்த்துவிட்டது. பேசிய பேரமும் அவன் நினைவில் தங்குவதில்லை. ஆகவே அதற்காக அவன் வருந்தவும் வழியில்லை. இருபது ஆண்டுச் சுமையை நினைவில் தாங்க வாசகர்கள் மட்டுமே மிஞ்சினார்கள்.

பின்னர் நடந்தவை சுவையானவை. 2009ல் நாளிதழ்த் தொடரிலும் பீட்டரைத் தனியனாக்கினார்கள். வாசகர்கள் எதிர்க்கவே சில மாதங்களில் அது வெறும் கனவென்று சொல்லி மனைவியைத் திருப்பிக் கொடுத்தார்கள். 2015ல் மாற்று உலகக் கதையொன்றில் அவர்கள் மகளோடு குடும்பம் நடத்தினார்கள். 2024ல் ஜொனதன் ஹிக்மன் எழுதத் தொடங்கிய ‘அல்டிமேட் ஸ்பைடர்மேன்’ இரண்டு குழந்தைகளின் தந்தையான பீட்டரோடு தொடங்கி நன்றாகவே விற்றது. மணமான ஸ்பைடர்மேனை யாரும் வாசிக்கமாட்டார்கள் என்ற அச்சத்துக்கு இதைவிட வேறு பதில் வேண்டியதில்லை.

க்வென் இறந்த இதழை இன்றும் எடுத்து வாசிக்கிறார்கள். அந்த இழப்பைப் பீட்டரும் நம்முடன் சேர்ந்து சுமக்கிறான். 1987ஆம் ஆண்டுமலரை எடுப்பவர்களுக்கு அந்தத் துணை இல்லை. மணமகனுக்கே நினைவில்லாத திருமணத்தின் சாட்சிகளாக அதன் வாசகர்கள் தனியே நிற்கிறார்கள்.